பள்ளி மண்டபத்தின் கூரை நிலநடுக்கத்தைத் தாங்குமா?



2025 ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை காலை ஜொகூர் மாநிலத்தின் செகாமட்டில் 4.1 அளவில் ஒரு நிலநடுக்கம் ஏற்பட்டது. நான் ஆசிரியராக இருக்கும் நெகிரி செம்பிலானிலும் சிலர் அந்த அதிர்வை உணர்ந்தார்கள். மறுநாள் படிவம் மூன்று வகுப்பில் அதைத் தவிர வேறு பேச்சே இல்லை. "எங்க வீட்டு அலமாரியில கண்ணாடி கிளாஸ் எல்லாம் கடகடன்னு ஆடுச்சு டீச்சர்" என்றாள் ஒரு மாணவி. பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இன்னும் பெருசா வந்தா இது நம்ம தலைமேல விழுமா டீச்சர்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கேட்டது நல்ல கேள்வி. அப்போது என்னிடம் அதற்குச் சரியான பதிலும் இல்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று சமாளித்துவிட்டுப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் எனக்குப் புரிந்ததையும், அதனால் என் மனத்தில் உருவான கருத்தையும் இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தின் கூரையை எந்தக் காரணத்துக்காகப் பிரித்தாலும், அதே வேலையிலேயே அந்தக் கூரையை நிலநடுக்கத்துக்கும் தாங்கும்படி வலுப்படுத்த வேண்டும். அதை மண்டபங்களில் இருந்து தொடங்க வேண்டும்.

தரை ஆடினால் கூரை என்ன செய்யும்?

பேருந்து திடீரென்று கிளம்பினால் நின்றுகொண்டிருப்பவர் பின்னால் சாய்வார். கால் பேருந்தோடு முன்னே போகிறது. உடல் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. இதற்கு நிலைமம் என்று பெயர் என்பது உங்களுக்குத் தெரியும். நிலநடுக்கத்தில் கட்டடத்துக்கும் இதுதான் நடக்கிறது. அடித்தளம் தரையோடு நகர்கிறது. மேலே இருக்கும் கூரை நகர மறுக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் சுவரும் தூணும்தான் அந்த இழுபறியில் மாட்டிக்கொள்கின்றன.

எவ்வளவு விசை என்பதற்கு நியூட்டனின் இரண்டாம் விதி போதும். விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கி வருவது. ஒரு பள்ளி மண்டபம் 30 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். சாய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால் கூரையின் பரப்பு 450 சதுர மீட்டர். சிமெண்டு ஓடு வேய்ந்திருந்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 45 கிலோகிராம் வரும். ஆக, ஓடு மட்டும் 20,250 கிலோகிராம். அதே இடத்தில் மெல்லிய உலோகத் தகடு போட்டால் சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோகிராம்தான். மொத்தம் 2,250 கிலோகிராம்.

இப்போது கூரை மட்டத்தில் முடுக்கம் 2 மீட்டர்/வினாடி² என்று கொள்வோம். ஓட்டுக் கூரையில் பக்கவாட்டு விசை 40,500 நியூட்டன். தகட்டுக் கூரையில் 4,500 நியூட்டன். 40,500 நியூட்டன் என்றால் கிட்டத்தட்ட நான்கு மைவி கார்களின் எடை. அந்த எடை கீழ்நோக்கி அழுத்தினால் சுவர் பேசாமல் தாங்கிக்கொள்ளும், அதற்காகத்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள். அதுவே பக்கவாட்டில், ஒரு வினாடி இப்படியும் மறு வினாடி அப்படியும் தள்ளினால் சுவருக்கு அது புதிய அனுபவம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு நீண்ட அளவுகோலின் அடியைப் பிடித்து ஆட்டினால் கையைவிட நுனிதான் அதிகமாக ஆடும். கட்டடமும் அப்படித்தான். தரையின் முடுக்கத்தைவிடக் கூரையின் முடுக்கம் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். நம் வீடுகளில் கூரைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி வைப்பது வழக்கம். ஒரு கனமீட்டர் தண்ணீர் 1,000 கிலோகிராம். அதிகம் ஆடும் இடத்தில் அதிக எடையை வைத்திருக்கிறோம் என்பதை நாம் யாரும் யோசிப்பதில்லை.

காலணிப் பெட்டிப் பாடம்

அந்த வாரம் வகுப்புக்கு ஒரு காலணிப் பெட்டியைக் கொண்டுபோனேன். முதலில் மூடியை எடுத்துவிட்டு நீளப் பக்கத்தின் நடுவில் ஒரு விரலால் தள்ளச் சொன்னேன். அட்டை எளிதாக வளைந்தது. பிறகு மூடியை மேலே சும்மா வைத்துவிட்டுப் பெட்டியை ஆட்டச் சொன்னேன். மூடி நழுவிக் கீழே விழுந்தது. கடைசியாக மூடியின் நான்கு பக்கத்தையும் ஒட்டுநாடாவால் ஒட்டினோம். இப்போது தள்ளினாலும் சுவர் வளையவில்லை, ஆட்டினாலும் மூடி நழுவவில்லை.

நான் சொல்ல வந்த அறிவியல் முழுவதும் இந்த மூன்று நிலைகளுக்குள் இருக்கிறது. மழையையும் வெயிலையும் தடுப்பது கூரையின் ஒரு வேலை. நான்கு சுவர்களையும் ஒன்றாகப் பிடித்து வைப்பது அதன் இன்னொரு வேலை. விறைப்பான கூரை ஒரு சுவரின் மீது விழும் பக்கவாட்டு விசையை எடுத்து, அந்தத் திசையில் வலுவாக நிற்கும் மற்ற சுவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. கூரை ஒரே பலகைபோல விறைப்பாக இருக்க வேண்டும். அது சுவரோடு உறுதியாகப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டால் பயனில்லை.

சுவர் கூரையை விட்டு விலகிய கதை

1971 பிப்ரவரி 9 அன்று கலிஃபோர்னியாவின் சான் ஃபெர்னாண்டோ பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அங்கே பல தொழிற்சாலைகளும் கிடங்குகளும் கான்கிரீட் சுவரைத் தரையில் படுக்கவைத்து வார்த்து, பிறகு பாரந்தூக்கியால் நிமிர்த்தி நிறுத்திக் கட்டப்பட்டவை. கூரை மரத்தாலும் ஒட்டுப்பலகையாலும் ஆனது. சுவரில் ஒரு மரச் சட்டத்தை மரையாணியால் முடுக்கி, கூரைப் பலகையை அந்தச் சட்டத்தில் ஆணியடித்திருந்தார்கள்.

நிலம் ஆடியபோது கனமான சுவர் வெளிப்பக்கம் சாய முயன்றது. அந்த இழுவை முழுவதும் மரச் சட்டத்தின் மீது விழுந்தது. விறகு பிளந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், மரம் தன் நார் ஓடும் திசையில் மிக எளிதாகப் பிளக்கும். அந்தச் சட்டமும் அப்படியே பிளந்தது. சுவர் ஒரு பக்கம் போனது, பிடிப்பிழந்த கூரை கீழே இறங்கியது. கான்கிரீட்டும் நல்ல கான்கிரீட், கூரையும் நல்ல கூரை. இரண்டையும் சேர்த்த இடம்தான் தவறு.

இந்தப் பாடத்துக்குப் பிறகு அங்கே புதிய கட்டடங்களுக்கான விதிகள் மாறின. ஆனால் பழைய கட்டடங்கள் பழையபடியே நின்றன. 1994 ஜனவரி 17 அன்று நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் வந்தபோது அதே வகைக் கட்டடங்கள் பலவற்றில் அதே இணைப்பு மீண்டும் விட்டுப்போனது. அதே ஆண்டில்தான் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம், 1976-க்கு முன் கட்டிய இவ்வகைக் கட்டடங்களில் சுவரையும் கூரையையும் எஃகால் பிணைப்பதைக் கட்டாயமாக்கியது. தெரிந்த தவறு பழைய கட்டடங்களில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அப்படியே இருந்திருக்கிறது. புதிய கட்டடத்துக்கு விதி எழுதுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

காற்றுக்கும் நடுக்கத்துக்கும் நடுவே

"அப்படியென்றால் எல்லாக் கூரையையும் லேசாக்கிவிட வேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். என் மாணவர்களும் கேட்டார்கள். பதில் அவ்வளவு எளிதல்ல.

பலத்த காற்று கூரையை மேல்நோக்கி இழுக்கும். புயல் மழையில் பள்ளிக்கூரைத் தகடுகள் பறந்துபோன செய்தியை நாம் அடிக்கடி நாளிதழில் பார்க்கிறோம். அதனால் காற்றுக்குக் கனமான கூரை நல்லது. நிலநடுக்கத்துக்கு லேசான கூரை நல்லது. ஜப்பானியர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகத் தெரியும். சூறாவளிக்குப் பயந்து அவர்கள் பழைய மர வீடுகளில் களிமண்ணைப் பரப்பி அதன்மேல் கனமான ஓடுகளைப் பதித்தார்கள். 1995 ஜனவரி 17 விடிகாலை 5.46 மணிக்குக் கோபே நகரம் அதிர்ந்தபோது, அந்தக் கனமான கூரைகளைத் தாங்கிய பழைய வீடுகள் ஆயிரக்கணக்கில் இடிந்தன. அந்தப் பேரிடரில் 6,434 பேர் இறந்தார்கள். கூரையின் கனம் மட்டும் காரணமல்ல. போதிய சுவர் இல்லாததும், கறையான் அரித்த மரங்களும் சேர்ந்துகொண்டன. ஆனால் கனம் நிலைமையை மோசமாக்கியது உண்மை.

நம் தாத்தா பாட்டி தோட்டத்தில் வாழ்ந்த ஆட்டாப் வீட்டையும் தகரக் கூரை போட்ட லயத்து வீட்டையும் நினைத்துப் பாருங்கள். நிலநடுக்கத்தின் கணக்கில் அவை நல்ல கூரைகள், ஏனென்றால் அவற்றில் நிறை குறைவு. புயலின் கணக்கில் அவை பலவீனமானவை. இரண்டுக்கும் பொதுவான தீர்வு ஒன்று உண்டு. கூரை லேசாக இருக்கட்டும், ஆனால் அதை எடையால் அமுக்கி வைக்காமல் இணைப்பால் பிடித்து வைக்க வேண்டும். சரியாகக் கணக்கிட்டுப் போட்ட எஃகுப் பட்டையும் மரையாணியும் காற்று மேலே இழுக்கும்போதும் பிடிக்கும், நிலம் பக்கவாட்டில் ஆடும்போதும் பிடிக்கும். நிலநடுக்கம் நம் வாழ்நாளில் வராமலே போகலாம். புயல்காற்று ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. ஆக, அந்தச் செலவு வீண் அல்ல.

இருக்கும் கூரையை எப்படி வலுப்படுத்துவது?

பொறியாளர்கள் செய்யும் வேலையை எளிமையாகச் சொல்கிறேன்.

முதலாவது, எடையைக் குறைப்பது. கனமான ஓட்டை எடுத்துவிட்டு லேசானதைப் போடலாம். பயன்படாத பழைய தொட்டிகளை இறக்கிவிடலாம்.

இரண்டாவது, கூரையை விறைப்பாக்குவது. ஒரு செவ்வகச் சட்டத்தின் மூலையைத் தள்ளினால் அது இணைகரமாகச் சரியும். மூலைக்கு மூலை பெருக்கல் குறிபோல இரண்டு கம்பிகளைக் கட்டினால் சரியாது. ஒரு பக்கம் தள்ளும்போது ஒரு கம்பி விறைக்கும், மறுபக்கம் தள்ளும்போது மற்றது விறைக்கும். கம்பி இழுவையைத்தான் தாங்கும், அழுத்தினால் வளைந்துவிடும். அதனால்தான் இரண்டு வேண்டும். மரக்கூரையாக இருந்தால் ஒட்டுப்பலகையைப் பரப்பி ஓரங்களில் நெருக்கமாக ஆணியடிப்பார்கள்.

மூன்றாவது, கூரையைச் சுவரோடும் தூணோடும் பிணைப்பது. இதைத்தான் நான் முன்பே நிறையச் சொல்லிவிட்டேன்.

நான்காவது, தனியாக நிற்பவற்றைப் பிடிப்பது. கூரையின் இரு முனைகளிலும் முக்கோணமாக எழும் செங்கல் சுவர், மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவர் ஆகியவற்றுக்கு மேலே பிடிப்பு இல்லை. நிலம் ஆடினால் முதலில் விழுபவை அவைதான். 2011 பிப்ரவரி 22 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 185 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் பழைய செங்கல் கட்டடங்களின் முகப்பும் கைப்பிடிச் சுவரும் தெருவில் விழுந்ததால் இறந்தவர்கள்.

ஐந்தாவது, தொங்குபவற்றைக் கட்டுவது. உட்கூரைப் பலகை, விளக்கு, மின்விசிறி, ஒலிபெருக்கி ஆகியவை எல்லாம் இதில் அடங்கும்.

இவை அனைத்துக்கும் அடிப்படை ஒன்றுதான். கூரையில் பிறக்கும் விசை, கூரையிலிருந்து சுவருக்கும் சுவரிலிருந்து அடித்தளத்துக்கும் அங்கிருந்து மண்ணுக்கும் தடையில்லாமல் இறங்க வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி பலவீனமானாலும் அங்கேதான் அறும். கீழே தூண் பலவீனமாக இருக்கும்போது மேலே கூரையை மட்டும் வலுப்படுத்துவது போதாது. ஆகவே இந்த வேலையைப் பொறியாளர் முழுக் கட்டடத்தையும் பார்த்தபின்தான் தொடங்க வேண்டும்.

கனத்தைக் கூட்டினால் வலு கூடாது

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. "வலுப்படுத்து" என்றதும் நம்மில் பலருக்குக் கான்கிரீட்தான் நினைவுக்கு வரும். இத்தாலியிலும் அப்படித்தான் நினைத்தார்கள். 1979-இல் நேர்ந்த நிலநடுக்கத்துக்குப் பின், உம்ப்ரியா பகுதியில் பழைய கல்வீடுகள் பலவற்றின் மரக்கூரையை எடுத்துவிட்டுக் கான்கிரீட் கூரை போட்டார்கள். 1997-இல் மீண்டும் நிலம் அதிர்ந்தபோது, கீழே இருந்த பழைய கல்சுவரால் மேலே இருந்த புதிய கனத்தைத் தாங்க முடியவில்லை. வலுப்படுத்தியதாக நினைத்த வீடுகள் பல மோசமாக இடிந்தன.

அதே 1997 செப்டம்பர் 26 அன்று அசிசி நகரின் புகழ்பெற்ற புனித பிரான்சிஸ் பேராலயத்தில் வளைகூரையின் சில பகுதிகள் விழுந்தன. அதிகாலையில் வந்த முதல் அதிர்வின் சேதத்தைப் பார்வையிட உள்ளே போயிருந்தவர்களில் நான்கு பேர் இறந்தார்கள். வளைகூரையின் மேற்புறத்துப் பள்ளங்களில் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்திருந்த கட்டட இடிபாடுகளின் கனம் முக்கியக் காரணம் என்று கண்டார்கள்.

பொறியாளர் ஜார்ஜியோ குரோச்சியின் குழு அதைச் சீரமைத்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் அந்தக் குப்பையின் கனத்தை அகற்றினார்கள். பிறகு மரமும் அராமிட் இழையும் சேர்ந்த மெல்லிய விலா எலும்புகளைப் போன்ற அமைப்பை வளைகூரையின் முதுகில் பொருத்தினார்கள். அதை மேலே உள்ள கூரையிலிருந்து, சுருள்வில் கொண்ட கம்பிகளால் தாங்கிப் பிடித்தார்கள். கீழே நின்று ஓவியத்தைப் பார்ப்பவர் கண்ணுக்கு இது எதுவும் தெரியாது. 1999-இல் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. கனத்தைக் கூட்டாமல் வலுவைக் கூட்ட முடியும் என்பதற்கு அது சாட்சி.

நமக்கு இது தேவையா?

"மலேசியாவில் வெள்ளம்தான் பிரச்சினை. நிலநடுக்கத்துக்குச் செலவு செய்யப் பணம் எங்கே இருக்கிறது?" என்று ஆசிரியர் அறையில் ஒரு மூத்த ஆசிரியர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். அதைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை.

தீபகற்ப மலேசியாவில் நாம் அடிக்கடி உணர்வது சுமத்ராவின் பெரிய நிலநடுக்கங்களின் எதிரொலி. தூரத்திலிருந்து வரும் அந்த அலைகள் மெதுவாக ஆடுபவை. அவை உயரமான அடுக்குமாடிகளை ஆட்டும். இரண்டு மாடிப் பள்ளிக்கூடத்தை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. இதுவரை அவர் சொன்னது சரி.

ஆனால் அருகிலேயே பிறக்கும் நடுக்கம் வேறு வகை. அது வேகமாக ஆட்டும். குட்டையான, விறைப்பான கட்டடங்களைத்தான் அது அதிகம் பாதிக்கும். 2007-இலிருந்து 2009 வரை பகாங்கின் புக்கிட் திங்கியில் சிறு நிலநடுக்கங்கள் தொடர்ந்து பதிவாயின. இப்போது செகாமட். சபாவிலோ நிலைமை இன்னும் தீவிரமானது. 2015 ஜூன் 5 காலை ரானாவ் அருகே 6.0 அளவில் வந்த நிலநடுக்கத்தில் கினாபாலு மலையில் பாறைகள் சரிந்து 18 பேர் இறந்தார்கள். பள்ளிப் பயணமாகச் சிங்கப்பூரிலிருந்து வந்த பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். ரானாவ் வட்டாரத்தில் பள்ளிக் கட்டடங்களும் விரிசல் கண்டன.

அதன் பிறகு, 2017-இல் நம் நாடு நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான தேசியப் பின்னிணைப்பை வெளியிட்டது. பாராட்ட வேண்டிய செயல். ஆனால் அது முக்கியமாகப் புதிய கட்டடங்களுக்கானது. அதற்கு முன் கட்டியவற்றில் பெரும்பாலானவை நிலநடுக்கத்தைக் கணக்கிலேயே எடுக்காமல் கட்டப்பட்டவை. நீங்களும் நானும் தினமும் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் அந்தப் பழைய கட்டடங்களில்தான்.

ஏன் மண்டபம் முதலில்?

வகுப்பறையைவிட மண்டபத்துக்கு முன்னுரிமை வேண்டும் என்கிறேன். அதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று, மண்டபத்தின் நடுவே தூண் இல்லை. நீண்ட கூரைச் சட்டகங்கள் இரு ஓரங்களில் மட்டும் உட்கார்ந்திருக்கின்றன. ஓரத்துப் பிடிப்பு போனால் எல்லாம் போய்விடும். அதன் கீழே சபைகூடலின்போது நூற்றுக்கணக்கான மாணவர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

இரண்டாவது, வெள்ளம் வந்தால் மக்கள் எங்கே போகிறார்கள்? பள்ளி மண்டபத்துக்குத்தான். அதுதான் தற்காலிக நிவாரண மையம். பேரிடர் நேரத்தில் ஊரே நம்பி வரும் கூரை அது.

ஜப்பானிலும் பள்ளி உடற்பயிற்சிக் கூடங்கள்தான் அடைக்கல இடங்கள். 2002-இல் அங்கே அரசாங்கத் தொடக்கப்பள்ளி, நடுநிலைப்பள்ளிக் கட்டடங்களில் 44.5 விழுக்காடு மட்டுமே நிலநடுக்கத்தைத் தாங்கக்கூடியவையாக இருந்தன. விடாமல் வேலை செய்து அதை 99 விழுக்காட்டுக்கு மேல் கொண்டுவந்துவிட்டார்கள். அப்படியும் 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் ஒரு குறை தெரிந்தது. கட்டடங்கள் நின்றன, ஆனால் பல கூடங்களில் உட்கூரை விழுந்தது. எஃகுக் கூரை கான்கிரீட் தூணின் தலையில் உட்காரும் இடத்தில் கான்கிரீட் உடைந்து உதிர்ந்தது. தோக்கியோவில் ஒரு மண்டபத்தின் உட்கூரை விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். அதற்குப் பின் 6 மீட்டருக்கு மேல் உயரத்தில் 200 சதுர மீட்டருக்கு மேல் பரந்திருக்கும் கனமான தொங்கு உட்கூரைகளுக்கு 2014-இல் கடுமையான விதி வந்தது. 2016-இல் குமமோத்தோ நிலநடுக்கத்தின்போதும் கூரைப் பிணைப்புக் கம்பிகளும் உட்கூரையும் சேதமானதால் சில பள்ளிக் கூடங்களை அடைக்கல இடமாகப் பயன்படுத்த முடியாமல் போனது.

நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கம் சனிக்கிழமை நண்பகலில் வந்தது. அங்கே சனிக்கிழமை பள்ளி விடுமுறை. ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் இடிந்தபோது அவற்றில் பிள்ளைகள் இல்லை. கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் 1933 மார்ச் 10 அன்று பள்ளி முடிந்த பிறகு, மாலை 5.54-க்கு நிலநடுக்கம் வந்தது. எழுபது பள்ளிகள் அழிந்தன. ஒரு மாதத்துக்குள் அங்கே பள்ளிக் கட்டடங்களுக்குத் தனிச் சட்டம் இயற்றினார்கள். இரண்டு இடங்களிலும் பிள்ளைகளைக் காப்பாற்றியது கடிகாரம். கடிகாரத்தை நம்பிப் பள்ளி நடத்த முடியாது.

என்ன செய்யலாம்?

சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் மண்டபத்தின் கூரை ஒழுகியதால் அதை முழுவதும் பிரித்து மாற்றினார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஓடியாடிப் பணம் திரட்டியது. வேலை நடந்தபோது நான் போய்ப் பார்த்தேன். சட்டகங்களைச் சுவரோடு எப்படிப் பிணைக்கப் போகிறார்கள் என்று ஒப்பந்தக்காரரிடம் கேட்டேன். "பழையதில் எப்படி இருந்ததோ அப்படியே வைப்போம் டீச்சர்" என்றார். அவர் மீது தவறில்லை. அவரிடம் யாரும் வேறு எதுவும் கேட்கவில்லை. சாரம் கட்டியாகிவிட்டது, ஓடு இறக்கியாகிவிட்டது, சுவரின் தலை திறந்து கிடந்தது. பிணைப்பைப் போட அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. இரண்டு வாரத்தில் புதிய கூரை மூடிவிட்டது. இனி அந்த இடத்தை யாரும் பார்க்கப் பல ஆண்டுகள் ஆகும்.

அதனால்தான் சொல்கிறேன். நாட்டிலுள்ள எல்லாப் பள்ளிகளையும் நாளைக்கே வலுப்படுத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கூரை ஒழுகினாலோ, கறையான் அரித்தாலோ, காற்றில் பறந்தாலோ எப்படியும் அதைப் பிரிக்கத்தான் போகிறோம். அப்போது ஒரு பொறியாளர் நிலநடுக்க விசையையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்பதை விதியாக்கினால் போதும். சபாவில் மட்டும் கூரை பழுதாகும் வரை காத்திருக்காமல் மண்டபங்களை இப்போதே ஆய்வு செய்ய வேண்டும். கூரையில் சூரியத் தகடு பொருத்துவதற்கு முன்பும் இதே ஆய்வு வேண்டும், ஏனென்றால் அதுவும் கூடுதல் எடை.

நீங்களும் ஒன்று செய்யலாம். அடுத்த சபைகூடலில் அண்ணாந்து பாருங்கள். கூரை ஓடா, தகடா? சட்டகங்களுக்கு நடுவே பெருக்கல் குறிபோலக் கம்பிகள் தெரிகின்றனவா? கூரை சுவரில் உட்காரும் இடத்தில் எஃகு தெரிகிறதா? உட்கூரையில் பலகை தொங்குகிறதா? பார்த்ததைக் குறித்துக்கொண்டு உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். ஏணி போட்டு மேலே ஏற மட்டும் வேண்டாம். கீழிருந்து பார்த்தாலே நிறையத் தெரியும்.

என் வகுப்பில் கேள்வி கேட்ட அந்த மாணவனுக்கு மறுநாள் நான் சொன்ன பதில் இது: "நம் வகுப்பறைக் கூரை விழும் என்றோ விழாது என்றோ என்னால் சொல்ல முடியாது. அதை யாரும் இதுவரை கணக்கிட்டுப் பார்க்கவில்லை. கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமை." அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப யார்கிட்ட கேக்கணும் டீச்சர்?" என்றான். நாங்கள் இருவரும் சேர்ந்து முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினோம். வகுப்பில் முப்பத்திரண்டு பேரும் அதில் கையெழுத்திட்டார்கள்.